சிறுவாட்டுக்கு வந்த எஸ்.எம்.எஸ்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டில் எவ்வளவு பணத்தை ஒளித்துவைத்திருந்தார்கள் என்பது 2016 நவம்பரில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் காசாளர். 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் வங்கி கிடையாது. 10ஆம் தேதி காலையிலிருந்து கௌண்டருக்குள் வந்த நோட்டுகளில் வாசனை இருந்தது. உளுந்து டப்பா வாசனை, மஞ்சள்தூள் வாசனை, பட்டுச்சேலை மடிப்பில் போடுகிற பாச்சை உருண்டை வாசனை. எட்டாக மடித்து வைத்ததில் மடிப்போடு கிழியத் தொடங்கியிருந்த நோட்டுகள் நிறைய. மில்லுக்குப் போகும் பெண்கள், நைட்டி தைக்கும் பெண்கள், ஒரு வேலைக்கும் போகாமல் வீட்டுச் செலவுப் பணத்திலேயே பத்தும் இருபதுமாக ஒதுக்கிய பெண்கள். சிறுவாட்டுப் பணம்.

“மேடம், இது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களிடம், “கணக்கு உங்க பேர்லதானம்மா இருக்கு, பேங்க்ல யாரும் சொல்ல மாட்டாங்க” என்றேன். வங்கியில் யாரும் சொல்லவில்லை. கைபேசி சொல்லிவிட்டது.

விஷயம் இதுதான். 2014 ஆகஸ்ட்டில் ஜன்தன் திட்டம் வந்தபோது, அதுவரை வங்கிப் படி ஏறாத பெண்களுக்கெல்லாம் முகாம் போட்டுக் கணக்குத் தொடங்கினோம். விண்ணப்பத்தில் கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம். பல வீடுகளில் இருந்ததே ஒரு போன்தான், அது கணவன் சட்டைப்பையில் இருக்கும். கட்டத்தில் அந்த எண்ணை எழுதினார்கள். இரண்டு வருஷம் கழித்து மனைவி நாற்பதாயிரத்தைக் கட்டிவிட்டு வங்கிப் படி இறங்கும் முன்பே, மில்லில் ஷிப்டில் நிற்கும் கணவனுக்கு வரவுச் செய்தி போய்விட்டது. அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் என்னென்ன நடந்தது என்பதை அடுத்தடுத்த மாதங்களில் பணம் எடுக்க வந்தவர்களின் முகத்தில் பார்த்தேன். பலர் மொத்தத்தையும் எடுத்தார்கள். எடுக்கும்போது கணவரும் பக்கத்தில் நின்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாராவது போனை நீட்டி, “மேடம், இது என்னன்னு பாருங்களேன்” என்று நிற்பது நிற்கவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. நம் ஊரில் சேமிப்பு மறைவில் வளர்ந்தது. கடன் நாலு பேர் கண்முன்னால் நடந்ததால் ஓரளவு அடங்கி இருந்தது. கைபேசி இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டது. இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிவது சேமிப்பு; யாருக்கும் தெரியாமல் வாங்க முடிவது கடன்.

கடன் நாலு பேர் முன்னால் நடந்தது என்றால் எப்படி என்று இளம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நகைக்கடன் என்றால் வங்கி திறக்கும் முன்பே பெண்கள் வந்து நிற்பார்கள், தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதே என்று. படாமல் இருக்காது. மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் உரசும்போது பின்வரிசையில் எதிர்வீட்டு அக்கா நிற்பார். தனிநபர் கடன் என்றால் ஜாமீன் கையெழுத்துக்கு ஓர் ஆளைத் தேட வேண்டும். அவரிடம் ஏன், எதற்கு, எப்படிக் கட்டுவாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏலச்சீட்டில் பாதியிலேயே அதிகக் கழிவுக்கு எடுத்தால், அவளுக்கு என்ன முடையோ என்று சீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். இதெல்லாம் அவமானம்தான். ஆனால் கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்க நாலு நாள் கிடைத்தது. அந்த நாலு நாளில் பாதிக் கடன்கள் தேவையே இல்லாமல் போயின.

பழையதைப் பொற்காலம் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஜாமீன் போட ஆள் இல்லாதவரை நாங்கள் திருப்பி அனுப்பினோம். அவர் நேரே தண்டல்காரரிடம் போனார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்குவார்கள். கேட்க எளிமையாக இருக்கும். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கு மேல். 2003இல் தமிழ்நாடு கொண்டுவந்த அதிக வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே தடுத்தது. தடுத்தும் என்ன? 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. எல்லோருக்கும் தெரிந்து வாங்கிய கடனும் ஆளைக் கொல்லும்.

அதனால் கைபேசியில் கடன் கிடைக்கும் என்று வந்தபோது, ஜாமீன் கேட்டு அலைந்தவர்கள் அதைப் பெரிய விடுதலையாகத்தான் பார்த்தார்கள். எங்கள் தெருவில் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பையன். கோவிட் சமயத்தில் வேலை குறைந்தபோது விளம்பரம் பார்த்து ஒரு செயலியை இறக்கியிருக்கிறான். ஆதார் படம், பான் படம், ஒரு செல்ஃபி. ஐந்து நிமிடத்தில் பணம். கடன் தொகை 5,000 என்று காட்டியது. செயலாக்கக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் போகக் கணக்கில் விழுந்தது 3,000. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். மூவாயிரத்துக்கு ஒரு வாரத்தில் இரண்டாயிரம். வாரத்துக்கு 66 சதவீதத்துக்கு மேல். நம்மூர்த் தண்டல்காரர் இந்தக் கணக்கைப் பார்த்தால் தன்னைத் தர்மவான் என்று நினைத்துக்கொள்வார். ஏழாம் நாள் கட்ட முடியவில்லை. அதே செயலி இன்னொரு செயலியைக் காட்டிக் கொடுத்தது. அதில் வாங்கி இதில் கட்டினான். அப்புறம் மூன்றாவது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் வந்தது. அந்தப் பையனின் படம், கீழே ‘மோசடிப் பேர்வழி’ என்று அரைகுறைத் தமிழில் எழுத்து, உங்களை ஜாமீனாகக் கொடுத்திருக்கிறார் என்று ஒரு வரி. அவன் யாரையும் ஜாமீன் கொடுக்கவில்லை. செயலியை நிறுவும்போது ‘தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா’ என்று கேட்டதற்குச் சரி என்று தட்டியிருக்கிறான். அவன் போனில் ‘பேங்க் மேடம்’ என்று என் எண் இருந்தது. அம்மா, மாமா, மேஸ்திரி, பள்ளிக்கூட வாத்தியார் என அத்தனை பேருக்கும் அதே படம் போயிருந்தது. யாருக்கும் தெரியாமல் வாங்கிய கடன், தவணை தவறிய அன்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பழைய ஜாமீன்தாரர் தெரிந்து கையெழுத்துப் போட்டார். இங்கே போனில் பெயர் இருக்கிற எல்லோரும் தமக்கே தெரியாமல் ஜாமீன்.

இது அவன் ஒருவன் கதை இல்லை. 2021இல் ரிசர்வ் வங்கி அமைத்த குழு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தேடிப் பார்த்தபோது, இந்தியாவில் ஆண்ட்ராய்டு போனுக்குக் கிடைத்த கடன் செயலிகள் சுமார் 1,100. அவற்றில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை. அதன் பிறகு 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. கடன் தொகை இடையில் எவர் கணக்குக்கும் போகாமல் வாங்குபவரின் கணக்குக்கே வர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். வாங்கிய பிறகு மனசு மாறினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வழி இருக்க வேண்டும். தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. 2025 ஜூலையிலிருந்து, ஒழுங்குமுறைக்குள் இருக்கும் வங்கிகளும் நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத செயலியிடம் வட்டி எவ்வளவு என்று விசாரிப்பதே வீண்வேலை.

அந்த அவகாசம் பற்றிய விதியை நான் மிகவும் ரசிக்கிறேன். முன்பு ஜாமீன் தேடி அலைந்ததில் தானாகக் கிடைத்த நாலு நாளை, சட்டம் போட்டு ஒரு நாளாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். அந்த விதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

திருட்டுச் செயலிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை, முழுக்க முழுக்கச் சட்டப்படி நடக்கிற கடன். வங்கியும் பெரிய நிதி நிறுவனமும் ‘உங்களுக்கு இரண்டு லட்சம் தயார்’ என்று தாமாகவே சொல்கின்றன. முன்பெல்லாம் சேமிப்புக்குத்தான் ஆள் வீடு தேடி வருவார். உடுப்பியில் சிண்டிகேட் வங்கி 1928இலேயே தினம் இரண்டணா வீதம் வாசலில் வந்து வசூலிக்கும் பிக்மி சேமிப்பைத் தொடங்கியது. தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு இன்றைக்கும் மகளிர் முகவர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கடனுக்கு நாம்தான் போவோம். இப்போது கடன் நம் உள்ளங்கைக்கு வருகிறது, அதுவும் சம்பளம் தீர்ந்துபோகும் இருபதாம் தேதிக்கு மேல் சரியாக வருகிறது. நம் கணக்கில் என்று வரவு, என்று வறட்சி என்பது அவர்களுக்குத் தெரியும்.

வட்டியை அவர்கள் சொல்லும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தம்பி வந்தார். ஒரு லட்சம், இரண்டு வருடம், மாதம் ஒன்றரை வட்டிதான் என்றார். தவணை 5,667 ரூபாய். ஒன்றரை வட்டி என்றால் வருஷத்துக்குப் பதினெட்டு என்று அவர் கணக்கு. ஆனால் அவர் மாதாமாதம் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருக்க, வட்டியை மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் 31 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவர் முகம் மாறியது. “அப்ப ஏன் மேடம் அவங்க அப்படிச் சொல்லலை?” என்றார். சொல்லத்தான் வேண்டும்; 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன், சிறுதொழில் கடன் எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைத் தாள் கட்டாயம். அவர் போனிலும் அது பி.டி.எஃப். ஆக வந்து கிடந்தது. திறக்கவில்லை. திரையில் பளிச்சென்று தெரிந்தது 5,667 மட்டும்தான்.

இப்படி ஒரே ஆளுக்கு மூன்று தவணை, நான்கு தவணை. 5ஆம் தேதி கணக்கில் பணம் இல்லையென்றால் தானியங்கிப் பிடித்தம் திரும்பிவிடும். அதற்கு வங்கி ஓர் அபராதம், கடன் கொடுத்தவர் ஓர் அபராதம். சிபில் மதிப்பெண் 300க்கும் 900க்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதைப் பையன்கள் பிளஸ் டூ மார்க் போல ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அடிப்படையான கடன் தகவலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை 2025 ஜனவரியில் வந்தது. ரிசர்வ் வங்கியும் பயந்திருக்க வேண்டும். 2023 நவம்பரில், அடமானம் இல்லாத நுகர்வோர் கடனுக்கான இடர் மதிப்பை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக உயர்த்தியது. அதாவது இத்தகைய கடனைக் கொடுக்கும் வங்கி முன்பைவிட அதிகமாகச் சொந்த முதலை ஒதுக்கிவைக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட கணக்கில், குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் 2020-21இல் 11.5 சதவீதமாக இருந்தது 2022-23இல் 5.1 ஆகியிருந்தது. இதற்குப் போனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊரடங்கு ஆண்டில் செலவழிக்கவே வழியில்லை, பிறகு வீடும் வண்டியும் கடனில் வாங்கினோம். ஆனால் கடன் ஏறிய வேகத்தில் போனுக்குப் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

செலவு செய்யும்போது வலி தெரிகிறதா என்பது இன்னொரு பக்கம். 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. பிரேலெக், சிமெஸ்டர் என்ற இருவர், மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கம் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டு என்று சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். 2016இல் வந்த யு.பி.ஐ.யில் போனது கடன் அல்ல, நம் காசுதான். இருந்தாலும் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது பர்ஸ் இளைப்பது கண்ணுக்குத் தெரியும், ஸ்கேன் செய்யும்போது தெரியாது. இடையில் மிச்சம் இருந்த ஒரே நிறுத்தம் பின் எண். யு.பி.ஐ. லைட்டில் சின்னத் தொகைகளுக்கு அதுவும் வேண்டாம், பாஸ்புக்கில் வரி வரியாக ஏறுவதும் இல்லை. எவ்வளவு மிச்சம் என்ற பதற்றம் மட்டும் மக்களை விடவில்லை போல. ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்கக்கூடாது என்று 2025 ஆகஸ்ட்டில் வரம்பு வைத்தார்கள். ஐம்பது! பாஸ்புக்கில் மாதம் ஒருமுறை பதிந்துகொள்ளச் சொல்லி நாங்கள் கெஞ்சிய காலம் உண்டு.

கவனிக்க வேண்டிய வாசல் இப்போது யு.பி.ஐ.க்குள்ளேயே திறந்திருக்கிறது. 2022இல் ரூபே கிரெடிட் கார்டை அதில் இணைக்க அனுமதித்தார்கள். 2023 செப்டம்பரில், வங்கி முன்கூட்டியே ஒப்புதல் தந்த கடன் வரம்பிலிருந்தும் நேரடியாகச் செலுத்தலாம் என்றார்கள். ஒரே கடை, ஒரே கட்டம் போட்ட அட்டை, ஒரே ‘டிங்’ சத்தம். கொடுத்தது என் காசா, வங்கியின் காசா என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது.

சேமிப்புப் பக்கம் நல்லதே நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்திர எஸ்.ஐ.பி. தொகை 2016 ஏப்ரலில் சுமார் 3,000 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் 20,000 கோடியைத் தாண்டியது. தேதி வந்தால் தானாகப் பிடித்துக்கொள்வதால், ‘இந்த மாசம் வேண்டாம்’ என்று தள்ளிப்போட மனசுக்கு இடம் கொடுக்கவில்லை. கடனில் நம்மைச் சிக்கவைக்கும் அதே தானியங்கிப் பிடித்தம்தான். அதே போன் அடுத்த திரையில் பங்குச்சந்தையின் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வியாபாரத்தையும் திறந்துவைத்தது. 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கணக்குச் சொன்னது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் முதலீடு. பத்து ரூபாய்க்குக்கூட வாங்கலாம் என்று பெண்களை இழுக்கும் டிஜிட்டல் தங்கமும் தன் கண்காணிப்பில் இல்லை என்று 2025 நவம்பரில் செபி எச்சரித்தது. பிரச்சினை வந்தால் அங்கே முறையிட முடியாது.

தள்ளுவண்டிக்காரர்கள் கதை வேறு. 2020இல் வந்த ஸ்வநிதி திட்டத்தில் பூக்காரம்மா ஒருவருக்குப் பத்தாயிரம் கடன் கிடைத்தது, ஜாமீன் இல்லாமல். ஒழுங்காகக் கட்டியதும் இருபதாயிரம். க்யூ.ஆர். அட்டையில் வாங்கும் விற்பனைக்கு அப்போது வருஷம் 1,200 ரூபாய் வரை திருப்பித் தந்தார்கள். தண்டல்காரர் இப்போது அவர் வண்டிப் பக்கம் வருவதில்லை. அவரிடம் இரண்டு கணக்கு. க்யூ.ஆர். பணம் விழுவது ஒன்றில். இன்னொன்று தபால் ஆபீஸ் ஆர்.டி., முகவர் அக்கா கையில் ரொக்கமாகக் கொடுப்பது. “அதுல ஜிபே கிடையாது மேடம், அதான் நிக்குது” என்றார். நிதி ஆலோசகர் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சுலபமாக எடுக்க முடிகிற பணம் சேமிப்பு ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் விழத் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் அது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலும் கைவைத்து, அரசு கண்டித்தது செய்தியானது. பணம் வந்த செய்தி யார் போனுக்குப் போகிறது என்பது செய்தி ஆகவில்லை. எங்கள் பகுதிச் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நான் முதலில் அதைத்தான் கேட்கிறேன். வீட்டுக்காரர் நம்பர், மகன் நம்பர், எப்போதோ தொலைந்துபோன சிம் நம்பர். இப்போது பெரும்பாலோர் கையில் சொந்த போன் இருக்கிறது. ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு அவரவர் கிளைக்குப் போய் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் எண்ணை மாற்றிவிடலாம்.

போன முறை அப்படிச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “நம்பரை மாத்திட்டா, லோன் தர்றோம் லோன் தர்றோம்னு அவருக்கு வர்ற மெசேஜெல்லாம் இனிமே எனக்கு வருமா மேடம்?”

வரும் என்றேன். 1909க்குச் செய்தி அனுப்பி விளம்பரங்களை நிறுத்தும் முறையை அவள் போனிலேயே செய்துகாட்டினேன். வரவுச் செய்தி மட்டும் நிற்காது, அது தொடர்ந்து வரும், அவளுக்கு.